பச்சை நகரமும் ஆத்தோரத்து மனுசரும்

நகரத்தைப் பசுமையாக்க வேண்டும் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அமைச்சர் பேசுகிறார், பொறியாளர் பேசுகிறார், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் பேசுகிறது. பேச வேண்டியதுதான். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த இதே சென்னைதான் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வரும் தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. மழை பெய்தாலும் அவதி, பெய்யாவிட்டாலும் அவதி என்றால் வானத்தில் கோளாறு இல்லை, கீழே நாம் கட்டி வைத்திருப்பதில்தான் கோளாறு. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆகவே மரம் நட்டால் மட்டும் போதாது, நகரத்தையே ஒரு அமைப்பாக, ‘சிஸ்டமாக’ப் பார்த்துத் திரும்ப வடிவமைக்க வேண்டும் என்கிறார்கள் படித்தவர்கள். மழை, ஏரி, சாக்கடை, குப்பை, பஸ், வீடு, வேலை எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் அமுக்கினால் இன்னொரு இடத்தில் வீங்கும். சாலையை உயர்த்தினால் வீட்டுக்குள் தண்ணீர் வரும். பஸ் இல்லாத இடத்தில் வீடு கட்டினால் தெருவெல்லாம் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஒவ்வொன்றையும் தனித்தனி இலாகாவிடம் கொடுத்தால் ஒன்றும் உருப்படாது. இதுவும் சரியான பேச்சுதான்.

இந்தப் பார்வையைச் சாதாரண ஆளுக்கும் விளங்கும்படி எழுதியவர் அமெரிக்காவின் டொனெல்லா மெடோஸ். 1972ல் வந்த ‘வளர்ச்சியின் எல்லைகள்’ அறிக்கையை எழுதியவர்களில் ஒருவர், 2001ல் மறைந்தார். அவர் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ஒரு அமைப்பின் நோக்கம் என்ன என்பதை அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை வைத்து முடிவு செய்யக் கூடாது, அது என்ன செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இது ஒன்று. அமைப்புக்கு எல்லைக்கோடு என்பது இயற்கையில் கிடையாது, பார்க்கிறவர் தன் தேவைக்குப் போட்டுக்கொள்வதுதான் அது. இது இரண்டு. எண்களை மட்டும் கூட்டிக் குறைத்தால் அமைப்பு பெரிதாக மாறாது, அது எந்த நோக்கத்தில், எந்த மனப்போக்கில் கட்டப்பட்டதோ அதில் கை வைத்தால்தான் மாறும். இது மூன்று.

இந்த மூன்றையும் படிக்கிற நம்ம சனத்துக்குச் சாதிதான் முதலில் ஞாபகம் வரும். ஏனென்றால் இந்த நாட்டில் ரொம்ப காலம் தாக்குப்பிடித்து நிற்கிற சிஸ்டம் அதுதான். ஆகவே ஒரு கேள்வியை இங்கே வைத்துப் பேசலாம் என்று நினைக்கிறேன். நகரம் பசுமையாவது நல்ல காரியம். அந்த நல்ல காரியத்துக்காகச் சில மனுசர்களை அவர்கள் வாழ்ந்த இடத்திலிருந்து எடுத்து வெளியே வைக்கலாமா? வைத்தால் அதற்குப் பொறுப்பு யார்? ‘சிஸ்டம்’ என்று பதில் சொன்னால் அது பதிலாகுமா?

1

தமிழ்நாட்டுக் கிராமத்தைப் பழைய காலத்து நகரமைப்பு வல்லுநர் ஒருவர் வரைந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன வரைந்திருக்கிறார்? ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். மேட்டு நிலம் ஊருக்கு, பள்ளம் சேரிக்கு. ஊர்க் கிணறு வேறு, சேரிக் கிணறு வேறு. செத்த மாடு எந்த வழியாகப் போக வேண்டும், பிணம் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதற்குக்கூடப் பாதை உண்டு. அழுக்கு, நாத்தம், சாவு ஆகிய மூன்றும் ஊர்க்காரர் கண்ணில் படாமல், அதே சமயம் அவற்றை அள்ளுகிற கை கூப்பிடு தூரத்தில் இருக்கும்படியாகப் போட்ட திட்டம் இது. உழைப்பு உள்ளே வர வேண்டும், உழைத்த ஆள் வெளியே போய்விட வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தை அடிப்படை அலகாக வைத்து அரசியல் சட்டம் எழுத வேண்டும் என்று கேட்டவர்களை மறுத்தார். கிராமத்தைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இருந்ததில்லை. காந்தியவாதிகளுக்கு அங்கே குடியரசு தெரிந்தது, அவருக்கு அந்தக் குடியரசின் வெளியே நிற்கிறவர்கள் தெரிந்தார்கள். எல்லைக்கோட்டை யார் போட்டது என்று கேட்டவர் அவர்.

இன்றைக்குச் சுற்றுச்சூழல் பேசுகிறவர்களில் பலர் பழைய ஏரிப் பாசனத்தைக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடத்தக்க அறிவுதான் அது. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரி. மழையை ஊர் ஊராக நிறுத்தி நிறுத்தி அனுப்பிய ஏற்பாடு. இதில் மடையைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் கட்டி, மழைக்காலத்தில் ராத்திரியெல்லாம் கரையில் காவல் இருந்தவர் யார்? செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். பெரும்பாலும் பறையர். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் பாய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்கென்று சொந்தமாக வயல் கிடையாது. வயல் இல்லாதவன் என்பதால்தான் பாரபட்சம் இல்லாமல் தண்ணீர் பிரிப்பான் என்று அதற்கொரு நியாயமும் சொல்லிக்கொண்டார்கள். ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிட்ட அதே கை ஊர்க் கிணற்றில் வாளி விடக் கூடாது.

ஏரியைக் கொண்டாடும் கட்டுரைகளில் கலங்கல் வருகிறது, மதகு வருகிறது, கல்வெட்டு வருகிறது, ராசா வருகிறார். நீர்க்கட்டி வருவது அபூர்வம். நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு அமைப்பு சூழலுக்கு நல்லதாகவும் மனுசனுக்குக் கெட்டதாகவும் ஒரே நேரத்தில் இருக்க முடியும். அப்படி ஒன்று இந்த மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் இருந்திருக்கிறது. ஆகவே பசுமை வந்தால் நீதியும் பின்னாலேயே வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்மால் நம்ப முடியாது.

2

சென்னைக்கு வருவோம்.

இந்த நகரத்தின் நிலவரி ஆவணங்களில் ‘புறம்போக்கு’ என்று ஒரு வகை உண்டு. வரி விதிக்கப்படாத பொது நிலம். ஏரி, ஓடை, மேய்ச்சல், சுடுகாடு, சதுப்பு எல்லாம் இதில் அடக்கம். வரி வராத நிலம் என்பதால் மதிப்பில்லாத நிலம் என்று ஆயிற்று. நிலத்தின் பெயரே பிற்பாடு மனுசரைத் திட்டும் வசையாகவும் ஆனது. சொந்த நிலம் இல்லாதவர் நகரத்துக்கு வந்தால் எங்கே குடிசை போடுவார்? யாரும் விரட்டாத இடத்தில், அதாவது ஆத்தோரம், கால்வாயோரம், குளத்தோரம். கட்டட வேலை, மூட்டை வேலை, வீட்டு வேலை, துப்புரவு வேலை என்று நகரத்துக்கு அவர்கள் வேண்டும். அவர்களுக்கு வீட்டு மனை ஒதுக்க மட்டும் நகரத்துக்கு நினைப்பில்லை.

இதே நகரம் தன் தேவைக்கு நீர்நிலையில் கட்டியதே இல்லையா? மாம்பலத்தில் இருந்த பெரிய ஏரி 1920களில் தியாகராய நகர் ஆயிற்று. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பக்கிங்காம் கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அதன் துண்டு, 1876-78 தாது வருசப் பஞ்சத்தின்போது, பட்டினி கிடந்த சனத்தைக் கொண்டு நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. நூறு வருசம் கழித்து அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995ல் ஓடத் தொடங்கியது. கால்வாய் நடுவில் நிற்கும் சிமென்ட் தூணுக்குப் பெயர் வளர்ச்சித் திட்டம். அதன் கரையில் நிற்கும் ஓலைக் குடிசைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு. தண்ணீருக்கு இரண்டும் தடைதான். ஒன்றுக்குப் பட்டா இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை, அவ்வளவே.

பிறகு கூவத்தையும் அடையாற்றையும் சீரமைக்கத் திட்டம் வந்தது. கூவம் கரையிலிருந்து மட்டும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களை அப்புறப்படுத்தக் கணக்கெடுத்தார்கள். எங்கே கொண்டு போனார்கள்? 2000 வாக்கில் தொடங்கிய கண்ணகி நகர், 2004 சுனாமிக்குப் பின் செம்மஞ்சேரி, அதற்கப்புறம் பெரும்பாக்கம். எல்லாம் நகரத்தின் தெற்கு ஓரம். பழைய இடத்திலிருந்து இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். வேலை, பள்ளிக்கூடம், அரசு ஆஸ்பத்திரி எல்லாம் பழைய இடத்திலேயே நின்றுவிட, ஆட்கள் மட்டும் லாரியில் ஏறிப் போனார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் குடியிருப்புகளைக் கட்டிய இடமும் நீர்நிலையை ஒட்டியதுதான். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அதற்குத் தண்ணீர் வந்து வடிகிற தாழ்நிலமும் உள்ள பகுதி அது. ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த சதுப்பு. பெருங்குடிக் குப்பை மேடும், சாலைகளும், கம்பெனிகளும், அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையங்களுமே அதில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மிச்சம் இருப்பதில் ஒரு பகுதியை 2007ல் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022ல் அது ராம்சார் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழ் பெற்றது. ஆத்துக்கு வெள்ளம் வரும் இடம் என்று சொல்லிக் கிளப்பிய சனத்தை இன்னொரு வெள்ளக்காட்டில் கொண்டு போய் இறக்கினார்கள். 2015லும் அதற்குப் பிறகு 2020லும் செம்மஞ்சேரியில் தண்ணீர் புகுந்தது.

சிந்தாதிரிப்பேட்டை ஆத்தோரத்தில் நாற்பது வருசம் இருந்த என் பெரியம்மா இப்போது பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் இருக்கிறார். அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே தருகிறேன்: “ஆத்த சுத்தம் பண்ணணும், நீங்க எழுந்திருங்கன்னு சொன்னாங்க. ஏம்பா, நானா ஆத்த அசிங்கம் பண்ணேன்? எங்க வீட்ல இருந்தது ஒரு குடம் தண்ணி. மாடி வூட்டு கக்கூசுத் தண்ணி மொத்தமும் குழாய் போட்டு இங்கதான வந்து வுழுந்துச்சு? அவங்கள யாரும் எழுந்திருன்னு சொல்லலியே.”

இதை அறியாமை என்று யாரும் தள்ளிவிட முடியாது. கூவம் நாறுவதற்கு முக்கியக் காரணம் நகரம் முழுவதிலுமிருந்து அதில் கலக்கும் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர்தான் என்பது பொறியாளர்களும் ஒப்புக்கொண்ட விஷயம். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்புக் கொடுத்தவர்கள் மாடி வீட்டுக்காரர்களிலும் உண்டு, பெரிய கட்டடக்காரர்களிலும் உண்டு. அது மண்ணுக்குள்ளே கிடக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. குடிசை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு ஆற்றைச் சுத்தப்படுத்தும் திட்டம் அசுத்தத்தின் ஊற்றை விட்டுவிட்டு, அசுத்தத்தின் பக்கத்தில் வாழ நேர்ந்தவரைப் பிடித்தால், மெடோஸ் சொன்னபடி அந்தத் திட்டம் செய்வதைத்தான் அதன் நோக்கமாகக் கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்தால் அதன் நோக்கம் ஆறா, நிலமா?

3

இங்கே ஒரு மறுப்பு வரும். வர வேண்டும். “அப்படியானால் சனங்கள் ஆத்தோரத்திலேயே கிடந்து வெள்ளத்தில் சாகட்டும் என்கிறீர்களா? நாத்தத்திலும் கொசுவிலும் பிள்ளைகளை வளர்க்கட்டும் என்கிறீர்களா? சேரியைப் புனிதமாக்குகிறீர்களா?”

இல்லை. நம் ஆட்களுக்கு ஆத்தோரத்துக் குடிசைமேல் காதல் ஒன்றும் கிடையாது. அங்கே பாம்பு வரும், பெருச்சாளி வரும், மழை வந்தால் முதலில் போவது நம் பாத்திரம் பண்டம்தான். வெள்ளம் வரும் கரையில் வீடு இருக்கக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆற்றுக்கு இடம் விட வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆறு நன்றாக ஓடினால் அதன் முதல் பலன் ஏழைக்குத்தான் போக வேண்டும். பசுமை என்பது மேல்சாதிக்காரன் விவகாரம், நமக்கு அதில் வேலை இல்லை என்று நம்மில் சிலர் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது. வெயிலில் நிற்பது நாம், புகையைக் குடிப்பது நாம், குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் இருப்பது நாம். நமக்கு மரம் வேண்டாமா? 1927 மார்ச் 20ல் மகத் குளத்தில் அண்ணல் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது எதற்காக? நகரசபை தீர்மானம் போட்டுத் திறந்துவிட்ட பிறகும் நமக்கு மூடியே கிடந்த குளம் அது. பொதுவில் இருப்பது நமக்கும் பொது என்று காட்டத்தானே இறங்கினார். குளம் நமக்கு வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

கேள்வி வேறு. கரையிலிருந்து எழுந்தால் எங்கே போய் உட்காருவது? கரைக்கு அடுத்த தெருவிலா, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியா? இது இயற்கை போட்ட சட்டம் கிடையாது. வரைபடத்தில் ஒரு அதிகாரி வைக்கும் புள்ளி.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. 1970ல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசைகள் இருந்த இடத்திலேயே அல்லது அதன் பக்கத்திலேயே மூன்று, நான்கு மாடி வீடுகள் கட்டினார்கள். நகரத்தின் நடுவிலே அந்தக் கட்டடங்கள் பல இன்றைக்கும் இருக்கின்றன. சிலது இடிந்து விழுகிற நிலை, சிலதை இடித்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். குறை ஆயிரம் சொல்லலாம். ஆனால் அங்கே இருந்த பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனார்கள். பிற்பாடு நகரத்து நிலத்தின் விலை ஏறியது, ஏழைக்கு ஒதுக்கும் இடம் நகரத்தை விட்டு வெளியே நகர்ந்தது. 2021ல் வாரியத்தின் பெயர் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று மாறியது. பெயர் மாறியது நல்லதுதான்.

சிங்கப்பூரைப் பார் என்று அடிக்கடி சொல்வார்கள். பார்ப்போம். சிங்கப்பூர் ஆற்றை 1977லிருந்து 1987 வரை பத்து வருசத்தில் சுத்தப்படுத்தினார்கள். கரையில் இருந்தவர்களை அங்கேயும் எழுப்பினார்கள், அதிலும் வலி இருந்தது. ஆனால் அது சின்னத் தீவு. எழுப்பியவர்களைக் குடிவைக்க அரசு கட்டிய அடுக்குமாடி வீடு இருந்தது, தெருவில் சோறு விற்றவருக்குக் கூரை போட்ட அங்காடியில் கடை கிடைத்தது, ஆற்றில் கழிவு கலக்கும் வாய்களை அடைத்தார்கள். இப்படி மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் அது அமைப்பு வடிவமைப்பு. மூன்றில் எழுப்புவதை மட்டும் எடுத்துக்கொண்டு சிங்கப்பூர் என்று சொல்வது ஏமாற்று.

பிரேசிலின் குரிடிபா நகரத்தையும் உதாரணம் காட்டுவார்கள். 1974ல் பஸ்ஸுக்குத் தனிப் பாதை போட்டுப் பேர் வாங்கிய ஊர். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1991ல் அங்கே தொடங்கிய இன்னொரு ஏற்பாடு. குப்பை லாரி நுழைய முடியாத ஏழைக் குடியிருப்புகளில், மக்கள் குப்பையைப் பிரித்துக் கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு ஈடாகக் காய்கறி, பழம் கொடுத்தார்கள். சந்து குறுகலாக இருக்கிறது, ஆகவே சந்தை இடி என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. அங்கே இருக்கிற மனுசரை அமைப்பின் உள்ளே வைத்து யோசித்தார்கள். குரிடிபாவிலும் ஏழைகள் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட கதை உண்டு, அது சொர்க்கம் கிடையாது. ஆனாலும் யோசனை எந்தத் திசையில் போகலாம் என்பதற்கு இது ஒரு சாட்சி.

4

இன்னொரு விஷயம். பசுமை நகரத்தின் வரைபடத்தில் அம்புக்குறிகள் இருக்கும். வீட்டிலிருந்து மக்கும் குப்பை உரக்கிடங்குக்குப் போகும், மக்காத குப்பை மறுசுழற்சிக்குப் போகும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும், அங்கிருந்து பூங்காவுக்குப் போகும். பார்க்க அழகாக இருக்கும். ஒவ்வொரு அம்புக்குறியிலும் ஒரு ஆள் இருக்கிறார். அவரை வரைவதில்லை.

பாதாளச் சாக்கடையை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு ‘மேன்ஹோல்’ வைக்கிறார்கள். அதன் வாய் ஒரு மனுச உடம்பு இறங்கும் அளவு. பெயரிலேயே ஆள் இருக்கிறான். அடைப்பு ஏற்பட்டால் ஆள் இறங்குவான் என்ற எண்ணம் சிமென்ட்டில் வார்க்கப்பட்டிருக்கிறது. எந்த ஆள் என்று எழுதி வைக்கவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். 1993ல் ஒரு சட்டம், 2013ல் இன்னொரு சட்டம். 2014ல் உச்ச நீதிமன்றம் 1993லிருந்து சாக்கடையில் செத்தவர் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் வைத்த கணக்குகளில் இந்தச் சாவுகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்திருக்கிறது. பெரியார் பிறந்த மண். 2023 மத்திய பட்ஜெட்டில் இனி மேன்ஹோல் இல்லை, ‘மிஷின்ஹோல்’ என்றார்கள். கேரளத்து இளைஞர்கள் சாக்கடைக்குள் இறங்கும் ரோபோ செய்து காட்டி வருசக்கணக்கில் ஆகிறது. விண்வெளிக்கு ராக்கெட் விடுகிற நாட்டில் இது தொழில்நுட்பப் பிரச்சினையாக இருக்க முடியாது. மலிவாகக் கிடைக்கிற உடம்பு இருக்கிற வரைக்கும் மிஷினுக்கு அவசரம் வராது. உடம்பை மலிவாக்கி வைத்திருப்பது சாதி.

2015 வெள்ளம் வடிந்த பிறகு சென்னையின் குப்பையை அள்ள மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் நம் சனம். நகரம் மீண்டு எழுந்தது என்று பத்திரிகைகள் எழுதின. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணியைத் தனியாரிடம் கொடுப்பதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டட வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் பெண்கள் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்தப் பதின்மூன்று நாளும் குப்பை தேங்கியதைப் பற்றிக் கவலைப்பட்ட குரல்களையும் கேட்டோம். நகரத்தின் பசுமைக்கு மரத்தைவிட அந்தப் பெண்களின் கை முக்கியம். மரம் வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தெரிகிறவர்களுக்கு, கூலி குறைந்தால் அந்தக் கை வாடும் என்பது ஏன் தெரியவில்லை?

அமைப்புச் சிந்தனையில் பின்னூட்டம் என்று ஒன்று சொல்வார்கள். ஒருவன் செய்ததன் விளைவு அவனிடமே சீக்கிரம் திரும்பி வந்தால் அவன் திருத்திக்கொள்வான். திரும்பி வராவிட்டால் அல்லது இன்னொருவன் தலையில் விழுந்தால் திருத்திக்கொள்ள மாட்டான். சாதி செய்வது இதைத்தான். ஊரின் நாத்தம் ஊருக்குத் திரும்பி வராதபடி நடுவில் ஒரு சனத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. கொடுங்கையூர்க் குப்பை மேடு எரிந்த புகை நுங்கம்பாக்கத்துக்கு வந்திருந்தால் எப்போதோ குப்பையைத் தரம் பிரித்திருப்பார்கள். பிரித்துப் போடாத குப்பையில் கிடக்கும் உடைந்த கண்ணாடி, போட்டவர் கையைக் கிழிப்பதில்லை. ஆகவே சாதி ஒழிப்பு என்பது தனியாக ஒரு சமூகநீதி விவகாரம், பசுமை என்பது தனியாக ஒரு சூழல் விவகாரம் என்று பிரிப்பது தவறு. சாதி இருக்கும் வரை இந்த நகரத்துக்குத் தன் அழுக்கின் பாரம் தெரியப்போவதில்லை. தெரியாத வரைக்கும் அது மாறாது.

5

கடைசியாகப் பொறுப்புக்கு வருகிறேன்.

“தனிப்பட்ட முறையில் எனக்கு யார்மேலும் வெறுப்பு இல்லைங்க, சிஸ்டம் அப்படி” என்று சொல்கிறவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குடிசையை இடிக்க வருகிற அதிகாரி சொல்வார். கோர்ட் உத்தரவு என்பார், மேலிடம் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அண்ணல் அம்பேத்கரே 1936ல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில், சாதியைக் கடைப்பிடிக்கிறவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அப்படிச் செய்வதில்லை, அவர்கள் நம்புகிற சாஸ்திரம் அப்படிச் செய்ய வைக்கிறது என்கிற கருத்தைச் சொன்னார். ஆளைவிட எண்ணத்தில் கை வைக்க வேண்டும் என்றார். மெடோஸ் அறுபது வருசம் கழித்துச் சொன்னதும் அதுதான்.

ஆனால் அண்ணல் அதோடு நிறுத்தவில்லை. எண்ணம்தான் காரணம் என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடுகிற கடமையும் உனக்கு இருக்கிறது என்றார். சாஸ்திரத்தைக் கைவிடு என்று முகத்துக்கு நேரே கேட்டார். அப்படிக் கேட்டதால்தான் அந்த உரையைப் பேச அழைத்தவர்களே பேசவிடாமல் கூட்டத்தை ரத்து செய்தார்கள். ‘சிஸ்டம்’ என்கிற சொல் மன்னிப்புச் சீட்டாக ஆகிவிடக் கூடாது. வரைபடத்தில் எல்லைக்கோடு தானாக விழுவதில்லை. ஒருவர் போடுகிறார், ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், ஒருவர் டெண்டர் எடுக்கிறார், சிலர் அந்தக் கரையில் வரும் பூங்காவில் காலையில் நடக்கிறார்கள். நடப்பவருக்கும் பங்கு உண்டு. வரைந்தவரின் பங்கு அதைவிடப் பெரியது. எல்லோருக்கும் பங்கு என்று சொல்வது யாருக்கும் இல்லை என்று சொல்வதாக ஆகிவிடக் கூடாது.

ஒரு பசுமைத் திட்டம் நீதியானதா என்று பார்க்க நம்மிடம் அளவுகோல் இருக்க வேண்டும். ஆத்தோரத்துச் சனத்தோடு பேசியதிலிருந்து எனக்குப் பட்டவற்றைச் சொல்கிறேன். கரையிலிருந்து எழுப்பப்படுகிறவர் அந்த ஆறு சுத்தமான பிறகு அதை நடந்து வந்து பார்க்கும் தூரத்தில் இருப்பாரா? நீர்நிலையில் முதலில் இடிக்கப்படுவது பெரிய கட்டடமா, குடிசையா? கணக்குப் பார்க்கும்போது பெரியம்மா வேலைக்குப் போய்வர பஸ்ஸில் செலவழிக்கும் நாலு மணி நேரமும் அந்த பஸ் விடும் புகையும் கணக்கில் சேருமா? குப்பையையும் சாக்கடையையும் தொடுகிறவர், திட்டம் போடும் மேசையில் உட்காருவாரா, டீ கொடுத்துவிட்டு வெளியே நிற்பாரா? அந்த வேலையை அவர் பிள்ளையும் செய்ய வேண்டியதில்லை என்பதற்குத் திட்டத்தில் வழி இருக்கிறதா?

இவற்றுக்கு ஆம் என்று பதில் வரும் திட்டத்தை நாம் ஆதரிக்கலாம், அதற்காக நாமே முன்னால் நின்று உழைக்கலாம். நீர்க்கட்டியின் பேரப்பிள்ளைகளுக்குத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பதில் இல்லை என்றால், அந்தத் திட்டத்துக்கு என்ன பச்சை வண்ணம் பூசினாலும் அது பழைய ஊர்-சேரி வரைபடம்தான். 2020ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. பெரியம்மாவிடம் காட்டினேன். “நல்லாத்தான் கீது. பஸ்ஸு எப்ப வரும்னு கேளு” என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மரம் நட வாருங்கள், நாங்களும் குழி தோண்டுகிறோம்.